அக்னி நட்சத்திரத்தில் ஒரு மழைக்காட்டுப் பூச்சி

1974 மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வேலையிலிருந்த என் மைத்துனர் நாங்கள் குடியிருந்த மரக்காணம் வந்தார். தேயிலையை எதிர்பார்த்திருந்த என் மனைவியிடம், பாசி படர்ந்த ஒரு மரப்பட்டையைக் கொடுத்தார். அதில் ஆர்க்கிட் பூக்குமாம். உப்புக் காற்றில் ஆர்க்கிட் மூன்றாம் நாளே கருகியது. பட்டையின் அடியில் ஒரு கூடு மட்டும் மிஞ்சியது. புழு தன் ரோமத்தையே உதிர்த்துப் பின்னிக்கொண்ட கூடு. அரைப் புளியங்கொட்டை அளவு.

புதுச்சேரி நூலகத்தில் தேடினேன். மழைக்காட்டு அந்துப்பூச்சி. பாசி தின்று வளர்வது. வெயில் தரையைத் தொடாத, ஆண்டெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும் காட்டில், அடிமரங்களில் வாழ்வது. கூடு காய்ந்தால் உள்ளேயே செத்துவிடும். மரக்காணத்தில் எவையெல்லாம் இல்லையோ அவையெல்லாம் அதற்கு வேண்டும். லத்தீன் பெயர் பூச்சியைவிட நீளம்.

அதை உயிரோடு பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். சமையலறை மூலையில் பட்டையைச் சாய்த்து, ஈரக் கோணி போர்த்தி, வேளை தவறாமல் தண்ணீர் தெளித்தேன்.

"எனக்கு ஒரு வாட்டி விசிறி விட்டிருப்பீங்களா?" என்றாள் மனைவி.

எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் உப்பளக் குத்தகைக்காரர். பாத்தியில் உப்பு விளைந்து கிடக்கையில் மழை என்ற சொல்லையே காதில் வாங்காதவர். கோணியைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், ஊரே மானத்தைப் பாத்துக்கினு பயந்து கெடக்குது. நீங்க வீட்டுக்குள்ள மழை பெய்ய வெக்கிறீங்க?"

"பூச்சிக்குங்க."

"ஏன், பூச்சிக்கு ஊட்டி கேக்குதா?"

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, கடல் பக்கமிருந்து மேகம் ஏறி மழை கொட்டியது. பாத்திகளில் இன்னும் வாரி எடுக்காத உப்பெல்லாம் கரைந்தது. மழைக்கும் என் கோணிக்கும் உள்ள தொடர்பை ஊர் ஒரே மனதாக உறுதி செய்தது. எந்த ஆராய்ச்சியும் இத்தனை சீக்கிரம் முடிந்ததாக நான் படித்ததில்லை.

மறுநாள் காலை வீட்டுக்காரர் நேரே சமையலறைக்கு வந்தார். அப்போதுதான் அது கூட்டைவிட்டு வெளியே வந்து இறக்கை விரித்திருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு. வெளிர்பச்சை இறக்கையில் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள், ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு. பாசியோடு பாசியாக ஒட்டியிருந்ததால் அவர் இரண்டு தரம் "எங்க சார்?" என்று கேட்க வேண்டியிருந்தது.

விரலால் காட்டினேன்.

"என் உப்பு மொத்தமும் போச்சு. இதுக்கா?"



வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து கோணியைத் தொட்டுப் பார்த்தார்.

"காயுது சார். தண்ணி தெளிங்க. இனிமே கரையறதுக்கு இன்னா இருக்குது?"