புனிதவதியின் நாலாவது எலெக்சன்

புனிதவதி பாராளுமன்றத் தேர்தலில் மூன்று முறை நின்று மூன்று முறையும் தோற்றவர். முதல் முறை கடைசி. இரண்டாம் முறையும் கடைசி. மூன்றாம் முறை கடைசிக்கு முதல் ஆள். அன்றைக்குக் கணவர் சச்சிதானந்தன் கேக் வாங்கி வந்து வெட்டினார்.

கட்சி இல்லை, கொடி இல்லை. பகலில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பின்னேரத்தில் கனடாவின் ஸ்காபரோவில், வோபர்ன் பகுதித் தெருக்களில் கதவு தட்டல். அவர் கேட்பது ஒன்றுதான்: பெற்றோரைக் கனடாவுக்குக் கூப்பிடுவதைக் குலுக்கல் சீட்டிடம் விடக்கூடாது. அவருடைய அம்மாவின் பெயர் எந்த வருடமும் குலுக்கலில் விழவில்லை. இனி விழுந்தும் பயனில்லை, அம்மா போய்விட்டார்.

"அப்ப ஏன் இன்னும் நிக்கிறீங்கள்?" என்று கேட்டால், "மற்ற ஆக்களின்ர அம்மாமார் இருக்கினம்தானே" என்பார்.

வெல்ல மாட்டோம் என்று தெரிந்தே ஒருவர் இத்தனை கதவுகளைத் தட்டுவாரா? புனிதவதி தட்டினார்.

நாலாவது முறை நிற்பதற்கே மோசம் வந்தது. சுயேச்சையாக நிற்க, அந்தத் தொகுதி வாக்காளர் நூறு பேர் கையெழுத்திட வேண்டும். வேலைக் களைப்பில் அதைச் சச்சிதானந்தனிடம் விட்டிருந்தார். அவர் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு நடந்த மண்டபத்துக்குப் போய், ரோல்ஸ் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் நூறு கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மனுக் கொடுக்கும் கடைசி நாளுக்கு முதல் நாள், தேர்தல் அலுவலகத்தில் விலாசங்களைப் பார்த்தவர்கள் பாதிக்கு மேற்பட்ட கையெழுத்துகளை வெட்டிவிட்டார்கள்.

"மண்டபம் ஸ்காபரோவிலதானே இருக்கு!" என்றார் சச்சிதானந்தன், காருக்குள் ஏறியதும்.

"மண்டபமோ வோட்டுப் போடப் போகுது? சனம் முழுக்க வெளியூர், மார்க்கத்தாலயும் ஒஷாவாவாலயும் எல்லோ வந்தது!"

"எல்லாம் எங்கட சனமப்பா."

"எங்கட சனம்தான். எங்கட தொகுதி இல்லை."

வீட்டுக் கட்டட வாசலில் இறங்கி நின்றபடியே, முந்தின தேர்தல்களில் கையெழுத்திட்ட வீடுகளுக்குப் புனிதவதி போன் எடுத்தார். பலர் மார்க்கத்தில் வீடு வாங்கிப் போயிருந்தார்கள். வாழ்த்து மட்டும் சொன்னார்கள்.

போனை வைத்துவிட்டு, தான் குடியிருக்கும் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை மாடி. அங்கே தமிழ் வீடுகளைத் தவிர வேறெந்தக் கதவையும் அவர் ஒருநாளும் தட்டியதில்லை. இங்கிலீஸ் இடறும் என்ற கூச்சம்.

முதலில் கீழ்மாடி லெஸ்லியின் கதவு. கயானாக்காரி. புனிதவதி மனனம் செய்துகொண்டு போன வசனம் பாதியில் நின்றது. லெஸ்லி சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்:

"மூன்று தேர்தலாக உன் படத்தைக் கம்பத்தில் பார்க்கிறேன். என் கதவைத் தட்ட இவ்வளவு காலமா?"

புனிதவதி படிவத்தை நீட்டினார்.

"என் அம்மாவும் அந்தக் குலுக்கலில்தான் கிடக்கிறார்" என்றார் லெஸ்லி. கையெழுத்திட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "பக்கத்து வீட்டுக்காரன் என் சொல் கேட்பான். வா."

ஒவ்வொரு கதவிலும் புனிதவதியின் வசனம் நீண்டுகொண்டு போனது. நாலைந்து மாடி தாண்டியபின் லெஸ்லி பேசவே வேண்டியிருக்கவில்லை. வெட்டுப்பட்ட இடங்கள் எல்லாம் நிரம்பி, மேலதிகமாகவும் சேர்ந்தன.

மறுநாள் மனுவை ஏற்றுக்கொண்டார்கள்.

"கேக் வாங்கட்டே?" என்று கேட்டார் சச்சிதானந்தன், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"பெரிசா வாங்குங்கோ. கட்டடம் முழுக்கக் குடுக்கவேணும்" என்றார் புனிதவதி. "மார்க்கத்துக்கு ஒரு துண்டும் போகப்படாது."