இருபது பங்கான சோலை

என்கூடப் பிறந்த வீரணன் கோடாலியைத் தோளிலிருந்து இறக்கினாலே மரம் பயந்து தானாகச் சாய்ந்துவிடும் என்று சின்னமனூர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். நாலு வெட்டாவது வேண்டும். ஆனால் மலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்காகக் காடு வெட்டப் போன கூட்டத்தில் அவரைப் போல மரம் அறிந்த மேஸ்திரி வேறு யாரும் இல்லை. இதில் ஒரு சொல்லும் கூடுதல் கிடையாது.

1966. தோட்டத்துத் துரை அவரைக் கூப்பிட்டார். ஊற்றுகள் வற்றாமலிருக்க அறுநூறு ஏக்கர் சோலையை வெட்டாமல் விட வேண்டும், எந்தப் பக்கம் விடலாம் என்று கேட்டார். வீரணனுக்குச் சொந்த ஊர் மார்க்கையன்கோட்டை. அப்பா செத்தபோது ஐந்து அண்ணன்தம்பிகளுக்கும் பாகம் பிரித்தது அவர்தான். நஞ்சையில் ஐந்தில் ஒன்று, புஞ்சையில் ஐந்தில் ஒன்று, கிணற்றிலும் ஆளுக்கொரு முறை. வயல் ஒவ்வொன்றும் ஏர் திரும்ப இடமில்லாத நாடாவாகிப் போனாலும் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த நியாயம் அது.

“அம்புட்டையும் ஒரே எடத்துல விட்டா மத்த சரிவுல இருக்கிற சீவனெல்லாம் எங்கன போகும் தொர? அங்கன முப்பது, இங்கன முப்பதுன்னு இருபது பங்கா விட்ருவோம். எதுக்கும் மனக்குறை இருக்காது.”

துரை தலையாட்டினார்.

வெட்டி முடித்தபோது தேயிலைக்கு நடுவே இருபது சோலைத் துண்டுகள் தனித்தனியாக நின்றன. வீரணன் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஏழாவது துண்டு. அதில் ஒரு சோலைமந்திக் கூட்டம் தங்கிப்போனது. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. எண்ணினால் பதினெட்டு. வெடிப்பலா பழுக்கும் காலத்தில் அவை தின்று எறிந்த முள்தோடு லயத்துக் கூரையில் வந்து விழும்.

“ஒங்க பங்காளிக எச்சியெல்லாம் நாந்தான் கூட்டணுமாக்கும்?” என்பாள் மனைவி சங்கிலியம்மாள். வீரணனுக்குச் சிரிப்பு தாங்காது.

1979-இல் மதுரையிலிருந்து ஞானசிகாமணி என்ற கல்லூரி ஆசிரியர் வந்தார். எந்தத் துண்டில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று எழுத வேண்டும், வழிகாட்ட ஆள் வேண்டும் என்றார். வீரணன் கொடுத்த பங்கைக் காட்டும் பெருமையோடு முன்னால் நடந்தார்.

முதல் துண்டில் மலையணில் இல்லை. இரண்டாவதில் அணிலும் இல்லை, இருவாச்சிப் பறவையும் இல்லை. நான்காவதில் ஓரத்து மரங்களைக் காற்று சாய்த்திருந்தது. வெயில் புகுந்து உண்ணிச்செடி மண்டியிருந்தது. தவளைச் சத்தம்கூட இல்லை. தோட்டத்து ஓரச் செங்குத்துப் பாறைக்குப் பக்கத்திலிருந்த ஏழிலும் எட்டிலும் ஏதோ கொஞ்சம் மிச்சம். பாறையை விட்டுத் தள்ளிப்போகப் போக ஆசிரியரின் நோட்டில் எழுத ஒன்றுமில்லை. “முந்தி இருந்துச்சு சார்” என்று முதல் நாள் முழுக்கச் சொன்ன வீரணன், மூன்றாம் நாள் ஆசிரியருக்குப் பின்னால் நடந்தார்.

கடைசியில் பாறைமேல் ஏறினார்கள். வெட்ட முடியாத சரிவு என்பதால் யார் தயவும் இல்லாமல் தப்பிய காடு அது. ஏறக்குறைய அறுநூறு ஏக்கர், ஒரே துண்டு. ஒரு மணி நேரத்தில் நோட்டில் நான்கு பக்கம் நிறைந்தது. தலைக்கு மேலே இருவாச்சி இரைந்து பறந்தது. சோலைமந்தி இரண்டு கூட்டம்.

வீரணன் ஒரு வேரில் உட்கார்ந்தார். “இதுவும் அதே அறுநூறுதான சார்?”

“அதேதான் மேஸ்திரி. அங்க ஒவ்வொன்னும் கடலுக்குள்ள தீவு மாதிரி ஆயிருச்சு. ஒன்னு செத்தா அந்த எடத்துக்கு இன்னொன்னு வந்து சேர வழி இல்ல. தீவு சின்னதுன்னா சீக்கிரமே காலி.”

ஏழாவது துண்டின் பதினெட்டு மந்திகளில் அப்போது ஒன்றுதான் மிச்சம், ஒரு கிழட்டுப் பெண் மந்தி. தேயிலைக்குள் இறங்கியவற்றை நாய்கள் கிழித்திருந்தன. மற்றவை குட்டி தங்காமல் ஒவ்வொன்றாக முடிந்துபோயின. அவர் அதையெல்லாம் விதி என்று நினைத்திருந்தார்.

அந்த ஒன்றையாவது பாறைக்காட்டில் சேர்த்துவிட வேண்டும். நடுவில் இருநூறு கெஜம் தேயிலை. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. மரத்துக்கு மரம் மூங்கிலைக் கட்டிக்கொண்டே போனார். வேலை முடிந்து தினம் இரண்டு மணி நேரம், மூன்று வாரம்.

“ஏலே வீரணா, கொரங்குக்குக் கல்யாணப் பந்தலா போடுற?” என்று கூட்டாளி அம்மாவாசி கேலி பண்ணினார்.

“நான் பிரிச்ச பாகம்டா. நாந்தான் சேத்து வைக்கணும்.”

தை மாதம் ஒரு விடியலில் மந்தி மூங்கில்மேல் ஏறியது. ஒவ்வொரு மரமாகத் தாவி, வாலை நிமிர்த்திக்கொண்டு, பாறைக்காட்டைத் தொட்டது. அங்கிருந்த கூட்டம் இரண்டும் இறங்கிவந்து அதை நடுவில் உட்காரவைத்துக்கொண்டன.

இதுவரை எழுதியதை நான் வாசித்துக் காட்டும்போது சங்கிலியம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

“நிறுத்துங்க மதினி. எங்கன தொட்டுச்சு? மூணாவது மரம் வரைக்கும் வந்துச்சு, அங்கனயே உக்காந்துருச்சு. முன்னயும் போகல, பின்னயும் போகல. ரெண்டு நாளு கத்துச்சு. எதுத்தாப்புல இருந்து ஒரு சத்தம் வரல. மூணாம் நாளு மரத்தடியில கெடந்துச்சு. அவுகதான் தோள்துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் போயி, பாறைக்காட்டுல குழி தோண்டிப் பொதச்சுட்டு வந்தாக. அது அங்கன போனது அப்படித்தான்.”