அண்ணி மாற்றி வைத்த வேலி

செத்துக் கிடந்த வாத்துகளை அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து உரப்பையில் போட்ட அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, ஓடைக்கும் தேயிலை மலைக்கும் நடுவில் கிடந்த புல்தரையில் பனி இன்னும் விலகியிருக்கவில்லை. நாய்கள் கூட்டமாக வந்து கடித்துப் போட்டிருந்தன. தின்னக்கூட இல்லை. தப்பிய சில வாத்துகள் ஓடை நடுவில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு மிதந்தன. அண்ணி அழவில்லை. பையின் வாயைக் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, "இனிமே சும்மா தெறந்து விட முடியாது புள்ள. அதுக்காக அடைச்சுப் போட்டா புல்லும் தண்ணியும் இல்லாம அதுங்க வாழுமா?" என்றார்.

அண்ணி பூண்டுலோயாவிலிருந்து திம்புள்ளப் பக்கத்து எங்கள் தோட்டத்துக்கு வாழ வந்தவர். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே அண்ணன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார். முதலில் ஒவ்வொரு விசேசத்துக்கும் வந்தார். பிறகு தீபாவளிக்கு மட்டும். அப்புறம் போன்கூட வருவதில்லை. அப்பா ஏற்கெனவே இறந்துவிட்டதால் அந்தச் சின்ன வீட்டில் அம்மா, அண்ணி, நான் என்று மூன்று பெண்கள். நான் ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்கு வேலைக்குப் போய் வந்தேன். அண்ணி கொழுந்து பறித்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தைக் கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் கொடுத்தார். அண்ணனைப் பற்றி யாராவது விசாரித்தால் "வேலை ஜாஸ்தியாம்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

வேலி, நாய்கள் வாத்துகளைக் கடித்துப்போட்ட பிறகு வந்ததுதான். மரக்கறித் தோட்டங்களில் கழித்துப் போட்ட நைலோன் வலைகளை வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து ஒன்றோடொன்று தைத்தார். வாத்து தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளாதபடி அடிப்பக்கத்துக்கு மட்டும் கண் சிறிய வலை. தலவாக்கலையில் ஒரு வெல்டிங் கடையில் கம்பிகளைக் கூராக வெட்டி, காலால் மிதித்து இறக்க ஒவ்வொன்றிலும் ஒரு குறுக்குக் கம்பி ஒட்டிக்கொண்டு வந்தார். வலையின் அடியை வெளிப்பக்கமாக ஒரு சாண் மடித்துப் புல்லில் படுக்கப்போட்டு, மேலே கல் வைப்பார். தோண்ட வரும் நாய் வேலியோரமாக வந்து அந்த வலையின் மேலேயே நின்றுகொண்டு பிறாண்டும், மண் கிளம்பாது. சிறுத்தையும் மரநாயும் வலைக்கு அஞ்சுவதில்லை என்பதால், இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் ஒரு பலகைக் கூட்டுக்குள் ஏற்றிவிட வேண்டும். கூட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். "நாத்தம் கொடல பொரட்டுது" என்று முனகிக்கொண்டே அம்மா மறுபக்கத்தைப் பிடிப்பார்.

வாத்து இருந்த இடம் சீக்கிரமே சேறாகிவிடும். புல் வேரோடு போவதற்குள் கம்பிகளைப் பிடுங்கி, வலையைச் சுருட்டி, பக்கத்திலேயே புதுப் புல்லில் மறுபடி ஊன்ற வேண்டும். ஒருநாள் மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அதைப் பார்த்துவிட்டு மேட்டில் நின்றபடியே சத்தம் போட்டார். "தோட்டத்துக் காணியில வேலி போட ஒனக்கு யாரு சொன்னது?"

அண்ணி ஒரு கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இது இங்கேயே நிக்காதுங்கய்யா. பாருங்க, குழிகூட இல்ல."

அவர் இறங்கி வந்து அந்த இடத்தைக் காலால் மிதித்துப் பார்த்தார். "ஒரே எடத்துல நிக்கிறத நான் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து அந்த மலையில் உழைத்த எங்களுக்கு அங்கே ஒரு கம்பு நட உரிமையில்லை. பெயர்த்தெடுக்கக்கூடிய வேலி என்பதால்தான் அண்ணிக்கு அந்தப் புல்தரை கிடைத்தது. இதை நான் பல வருடம் கழித்துத்தான் யோசித்தேன். அப்போது கண்டாக்கையா நல்லவர் என்று மட்டும் நினைத்தேன்.

நானுஓயாப் பக்கம் மரக்கறி செய்கிற ஒரு சிங்கள அம்மா முட்டை வாங்க வந்துபோவார். அண்ணி அவரை "அக்கே" என்றுதான் கூப்பிடுவார். கோவா இலைகளை நத்தை தின்று நாசமாக்குவதாகச் சொல்லி, அறுவடையான பாத்திகளில் வாத்துகளைக் கொண்டுவந்து விடச் சொல்லி அவர் பல தடவை அழைத்தார். அண்ணி சிரித்துக்கொண்டே, "மாமியார விட்டுட்டு எங்க வர்றது அக்கே" என்று சிங்களத்தில் சொல்வார். அம்மாவுக்குச் சிங்களம் புரியும். கேட்காத மாதிரி இருப்பார்.

அண்ணன் திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட ஒரு பெண். அவள் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் புதிதாகக் கட்டிய தனிவீடு அண்ணன் பெயரில் கிடைத்து, நாங்கள் லயத்திலிருந்து அங்கே மாறியிருந்த சமயம். அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல், "இவங்க இனிமே இங்கதான் இருப்பாங்க" என்றார். அண்ணி அந்தக் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். நான் அண்ணனைக் கண்டபடி ஏசினேன். அண்ணி என் கையைப் பிடித்து, "விடு புள்ள. அது முழிச்சுக்கும்" என்றார்.

மறுநாள், அண்ணி சொல்லியனுப்பியதில் அந்த நானுஓயா அக்காவின் லொறி வந்தது. அண்ணி கம்பிகளைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டினார். வலையைச் சுருட்டித் தோளில் போட்டார். இத்தனை வருட வாழ்க்கையில் அவர் எடுத்துப்போக இருந்தது அதுவும், ஒரு துணிப்பையும், பறவைகளும்தான். கூட்டைத் தூக்க நான் குனிந்தபோது அம்மா என்னை விலக்கிவிட்டுத் தானே பிடித்தார். லொறியில் கூடு ஏறிய பிறகும் அவர் இறங்கவில்லை.

"எறங்குங்கத்தை, வண்டி கெளம்பப் போகுது" என்றார் அண்ணி.

"கெளம்பட்டும்."

அண்ணன் ஓடி வந்தார். "எங்கம்மா போறீங்க? இது நம்ம வீடு."

"ஓம் பேர்ல உள்ள வீடு. நீ இரு" என்றார் அம்மா. மாற்றுத் துணிகூட எடுத்திருக்கவில்லை. அவர் துணிமணிகளை நான்தான் பிறகு மூட்டை கட்டிக்கொண்டு போனேன்.

நானுஓயாவில் அறுவடையான பாத்திகளில் அண்ணி வேலியை இறக்கினார். வாத்துகள் நத்தையைத் தின்று முடிக்க, வேலி அடுத்த பாத்திக்குப் போகும். எருவேறிய பாத்தியில் லீக்ஸ் நடுவார்கள். தகரக் கூரை போட்ட ஓர் அறையில் இருவரும் இருந்தார்கள். மருந்துக்கடையில் லீவு கிடைத்து நான் போகும்போதெல்லாம் ஏதாவது சண்டை நடந்துகொண்டிருக்கும்; பெரும்பாலும் வாத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். அண்ணன் ஒருமுறை வந்து வரம்பில் நின்றுவிட்டுப் போனாராம். அம்மா சோற்றுத் தட்டை வரம்பிலேயே வைத்துவிட்டு வாத்துகளிடம் போய்விட்டாராம்.

போன மழைக்காலத்தில் அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்து அவர் திரும்பவில்லை. சேர்த்த அன்று தாதி வந்து, இன்றைக்குக் கூட நிற்கப் போவது யார் என்று கேட்டார். கட்டிலருகில் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"என் மக நிப்பா" என்றார் அம்மா. மூச்சு வாங்கியது. "வேலிய மாத்தி வச்சிட்டு வந்துருவா."

தாதி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அண்ணி, காலில் காய்ந்த சேற்றோடு வாசலில் தயங்கி நின்றார். நான் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டேன்.