ஓரகத்திக்குக் கிடைத்த உதவித்தொகை

சென்ற வருடம் ஜூலை மாதம் என்னால் ஒரு ஜெபத்தைக்கூட முடிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் என் ஓரகத்தி ஷீபாவின் முகம் வந்து நிற்கும். அவளுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. வேறு எதுவும் மனதில் ஓடாது. சபைக்கு முன்னால் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், நான் அவளுக்குச் செய்ததையும் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் எஸ்தர். ஸ்ரீராம்புரத்தில் கீழ்வீட்டில் நாங்கள், மாடியில் என் கணவரின் தம்பியும் அவர் மனைவி ஷீபாவும். பதினோரு வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, பெயர்ச் சீட்டு ஒட்டுவது, ரத்த மாதிரிகளை உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்து எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். என்னைவிடச் சின்னப் பெண்கள் என்னை "ஏய் ஆயம்மா" என்று கூப்பிடும்போது வயிறு எரியும்.

மே மாதம் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். டிப்ளமா இல்லாதவர்களை இனி லேபில் வைத்துக்கொள்ள முடியாது, கழுவுகிற வேலையை கான்ட்ராக்டுக்கு விடப்போகிறோம் என்றார். ஏதாவது கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தால் மட்டும் வேலை நிலைக்கும். வருடக் கடைசிவரை அவகாசம் கொடுத்தார். மாலை வகுப்பில் லேப் டெக்னீஷியன் டிப்ளமா சொல்லித்தரும் கல்லூரி ஒன்று இருந்தது. அதன் கட்டணத்தைக் கேட்டுவிட்டு நானும் என் கணவர் தாமசும் விண்ணப்பம்கூட வாங்காமல் வீடு திரும்பினோம். அவர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. கேட்டால் செய்ய முடியாதே என்று அவர் முகம் சொல்லியது. நான் கேட்கவில்லை.

மறுவாரம் உபவாச ஜெபத்தில் அழுதேன். அந்த வாரமே கூட வேலை செய்கிற ஒருத்தி சொன்னாள், இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்கள் சர்டிபிகேட், டிப்ளமா படிப்பதற்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது, விண்ணப்பம் போடு என்று. எனக்கு அது பரலோகத்திலிருந்து வந்த பதில் மாதிரி இருந்தது.

விண்ணப்பம் கன்னடத்தில் இருக்கும் என்றார்கள். எனக்குக் கன்னடம் பேச வரும், வாசிக்க வராது. ஷீபா இதே மாநிலத்துத் தங்கவயலில் பிறந்து அங்கேயே கன்னட மீடியத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். அதனால் அவளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். என் விண்ணப்பம் முடிந்ததும் அந்தக் கடைக்காரர், நீங்களும் இதே படிப்புக்குப் போடலாமே என்று அவளைக் கேட்டார். அவள் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போடேன், என்ன போகுது" என்றேன். அவளுக்குக் கிடைக்காது என்ற தைரியத்தில் சொன்னேன். அவள் போன் உடைந்துகிடந்தது. ஆகவே இரண்டு விண்ணப்பத்துக்கும் என் நம்பரையே கொடுத்தோம்.

ஜூலை முதல் வாரம் எனக்குச் செய்தி வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, இம்மாநிலத்தில் வசித்ததற்கான ஆதாரம் போதாது என்று. நான் ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவள். நாலாவதுவரை இங்கேதான் படித்தேன். அம்மா இறந்த பிறகு வாணியம்பாடியில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதிப் படிப்பு அங்கே. கல்யாணமாகித் திரும்பி வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. பிறந்த தெருவிலேயே குடியிருந்துகொண்டு நான் வெளியூர்க்காரி ஆகிவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை அதே போனில் இன்னொரு செய்தி. ஷீபாவின் பெயர். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, வரும் புதன்கிழமை அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவும், வராவிட்டால் ரத்தாகும்.

நான் அப்போது குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு மூன்று தடவை படித்தேன். ரத்தத்தைப் பார்த்தாலே தலைசுற்றுகிறது என்பவள் அவள். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்தவள். விண்ணப்பம் வாசிக்கத் துணைக்கு வந்தவள். பதினோரு வருடம் அந்தக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கு இல்லை, அவளுக்கு உண்டு. ஆண்டவரே, என்ன நியாயம் இது என்று கேட்டேன். அப்புறம் அந்தச் செய்தியை அழித்துவிட்டேன்.

யாரும் என்னைத் தூண்டவில்லை. பிசாசின்மேல் பழிபோட மாட்டேன். என் விரல்தான் அழித்தது.

வீட்டுக்குப் போனதும் மாடியிலிருந்து அவள் பாடுவது கேட்டது. எனக்கு ஏதாவது தகவல் வந்ததா அக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். வெள்ளிக்கிழமையும் கேட்டாள். இல்லை என்றேன். அவள் குழம்பு கொண்டுவந்து கொடுத்தால் எரிச்சல், கொடுக்காவிட்டால் அதற்கும் எரிச்சல். தாமஸ் அவள் குழம்பை நன்றாயிருக்கிறது என்றதற்கு நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர், ஜெப விண்ணப்பம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். ஷீபா எழுந்தாள். என் அக்காவுக்கு உதவித்தொகை கிடைக்காமல் போய்விட்டது, அவர்களுக்கு வேலை போய்விடும் போலிருக்கிறது, எல்லாரும் அவர்களுக்காக ஜெபியுங்கள் என்றாள். தன் விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் எல்லாரும் எனக்காக ஜெபித்தீர்கள். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும், நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மனம் உருகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் பொறாமைதான். இவளுக்கு இந்த நல்ல மனசும் சேர்த்தா கொடுத்தீர் என்று கேட்டேன்.

ஆனால் அந்தக் கேள்விதான் பல நாளுக்குப் பிறகு நான் மனதாரக் கேட்ட ஜெபம். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. ஆராதனை முடிந்து பஸ் நிறுத்தத்தில் அவளைத் தனியாக நிறுத்தினேன். செய்தி வந்தது, அழித்துவிட்டேன், புதன்கிழமை போக வேண்டும் என்று சொன்னேன்.

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன் அக்கா," என்றாள். "இப்ப விட மாட்டேன்."

பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கே தாமசிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை ஷீபா தனியாகவே அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேலைக்குப் போகாமல் சமையலறையில் மண்டியிட்டேன். எனக்காக அல்ல. அவள் வேலை நல்லபடியாக முடியட்டும் என்று சொல்லப் பார்த்தேன். 'ஷீபா' என்று ஆரம்பித்தேன். அந்தப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

மத்தியானம் அவள் வந்தாள். நேராக அடுப்படிக்கு வந்து ஒரு துண்டுச்சீட்டை மேடைமேல் வைத்தாள். கன்னடத்தில் எழுதியிருந்தது.

"உங்க ரிஜெக்ட் ஆனதப் பத்தியும் கேட்டேன். மறுபடி போடலாமாம். ரெண்டு பேப்பர் வேணும். திங்கக்கிழமை கடைசி," என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். "படிச்சுக் காட்டணுமா?"

நான் தலையாட்டினேன். ஒன்று தாலுகா அலுவலகத்தில் வாங்கும் குடியிருப்புச் சான்று. இன்னொன்று இங்கே படித்த பள்ளியின் ஸ்டடி சர்டிபிகேட்.

முதலாவது இரண்டு நாளில் வந்துவிட்டது. பள்ளிக்கூடம்தான் சோதனை. நான் படித்த மாநகராட்சிப் பள்ளியை மூடி வேறு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். அந்தப் புதுப் பள்ளியின் தலைமையாசிரியை, பழைய பதிவேடுகளில் பாதி மழையில் நனைந்து போய்விட்டது, தேடிப் பார்க்கிறோம், நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை லீவு போட்டுவிட்டுப் போய் அந்த வராந்தாவில் உட்கார்ந்தேன். அப்போது ஜெபம் தடையில்லாமல் வந்தது. கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, நான் செய்ததற்கு என்னைத் தள்ளிவிடாதேயும் என்று கேட்டேன்.

பன்னிரண்டு மணிக்குமேல் கிளார்க் ஒரு பதிவேட்டோடு வெளியே வந்தார். ஓரமெல்லாம் நனைந்து உப்பியிருந்தது. என் பெயர் இருந்த பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அப்பா பெயர், தெருப் பெயர், நான் சேர்ந்த நாள், விலகிய நாள், எல்லாம் தெளிவாக இருந்தது. கிளார்க்குக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். நடந்ததைத் தற்செயல் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். எனக்குத் தெரியும்.

ஆகஸ்டு கடைசியில் எனக்கும் உதவித்தொகை உத்தரவாயிற்று. கல்லூரியில் சேர்ந்த ரசீதை மேனேஜரிடம் காட்டினேன். வேலை நிலைத்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே உட்காரவைத்து மெஷினைப் பழக்குகிறார்கள்.

ஷீபா உடனே மன்னித்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. இரண்டு மாதம் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். புது போன் வாங்கி, உதவித்தொகைக் கணக்கில் தன் நம்பரை மாற்றிக்கொண்டாள். அது சரிதான். ஒரே வகுப்பில் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்தோம். முதன்முதலாக ரத்தம் எடுக்கப் பழகிய அன்று அவளுக்கு நிஜமாகவே தலைசுற்றியது. ஓடிப்போய்ப் பிடித்தேன். என் தோளில் சாய்ந்தபடி, "அக்கா, ஊசியப் பாக்காம எப்படி குத்துறது," என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் ஒரே பெஞ்சு.

முதல் பரீட்சையில் அவள் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினாள். எனக்கு எரிந்தது. இன்னும் எரிகிறது. முன்பு அதை மூடி வைத்துக்கொண்டு ஜெபித்தேன், ஜெபம் நகரவில்லை. இப்போது காலையில் மண்டியிட்டதும், ஆண்டவரே, இன்றைக்கும் ஷீபாமேல் எனக்குப் பொறாமை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அவளுக்காகக் கேட்கிறேன். பிறகு எனக்காக.

உங்களில் ஜெபிக்க முடியாமல் தவிக்கிறவர்கள் இருந்தால், அழகான வார்த்தைகளைத் தேடாதீர்கள். யாரைப் பார்த்து மனம் எரிகிறதோ அந்தப் பெயரைச் சொல்லி ஆரம்பியுங்கள். பொறாமையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று கர்த்தர் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கும் வந்திருக்க மாட்டேன். அதையும் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். அவர் என்னை ஏற்றுக்கொண்டார். உங்களையும் ஏற்றுக்கொள்வார்.