பெட்டியைப் போட்டுக் காட்டு

மதலேனா யாரையும் லேசில் நம்பமாட்டாள். எங்கள் ஊர்ப் பெண்கள் கமிட்டிக்குப் பதினாறு வருஷமாக அவள்தான் தலைவி, நான் காரியதரிசி. மாதம் ஒரு முறை வீடு வீடாகச் சோதனைக்குப் போவோம். குடிதண்ணீர் மூடியிருக்கிறதா, கக்கூஸ் கழுவியிருக்கிறதா, ஆளுக்கொரு கொசுவலை உண்டா என்று பார்ப்போம். அன்றைக்கு எங்கள் பெண்கள் செய்கிற தில்லுமுல்லு கொஞ்சநஞ்சமல்ல. நாங்கள் முன்பக்கம் நிற்கும்போதே பக்கத்து வீட்டு வலை பின்பக்கமாக உள்ளே வந்துவிடும். மதலேனா முகர்ந்து பார்த்தே, இது இன்னார் வீட்டு வலை, அங்கேதான் இப்படி மீன் புகை அடிக்கும் என்பாள். நானும் ஒரு தரம் மாட்டியிருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவளைத் தேடி, கடல் தாண்டித் தலைநகர் ஆப்பியாவிலிருந்து எங்கள் தீவுக்குச் சுகாதாரத் துறைக்காரர்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரிகளின் தரத்தை அளக்க நாற்பத்திரண்டு கேள்விகள் எழுதியிருந்தார்கள். முதலில் எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கப் போகிறார்களாம். சோதனை போட்டுப் பழகியவள், கூட இருக்க வேண்டும் என்று மதலேனாவைக் கேட்டுக்கொண்டார்கள். அவள் தாளை வாங்கி இரண்டு நாள் வைத்துப் படித்தாள்.

"எல்லாத்துக்கும் இருக்கா, இல்லையான்னே கேட்டு வச்சிருக்கான். நம்ம ஊர்ல எவ இல்லைன்னு சொல்லுவா?" என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

அவளுடைய உண்மையான கவலை வேறு. அவள் புருஷன் இயோசுவாவுக்குச் சர்க்கரை, வலது காலில் புண். அந்த ஆஸ்பத்திரியில்தான் கட்டுப் போட்டார்கள், செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். மூன்று தரம் வெட்டியும் ஆறவில்லை, நாற்றம்தான் கூடியது. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் சர்க்கரைப் புண்ணால் இரண்டு பேருக்கு முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தாயிற்று. மூன்றாவது ஆள் இயோசுவாதானோ என்று அவளுக்கு உள்ளுக்குள் நடுக்கம். கட்டுத் துணியை வெயிலில் பிடித்துப் பார்ப்பாள், மருந்துப் புட்டியில் தேதி தேடுவாள். கட்டுப் போடுகிற நர்ஸ் திரேசா அவளுடைய சொந்த அண்ணன் மகள். அவளையும் விட்டுவைக்கவில்லை.

அளக்கிற நாளில் ஆஸ்பத்திரி கல்யாண வீடு மாதிரி இருந்தது. விரிப்பெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. திரேசா காதில் பூ செருகி வாசலில் நின்றாள். கோழியும் சேப்பங்கிழங்கும் சூடான கொக்கோவும் காத்திருந்தன. வந்த அதிகாரி ஃபெரெட்டி சின்ன வயசுக்காரன், மரியாதை தெரிந்தவன். அவன் கேட்பான், திரேசா இருக்கு என்பாள், அவன் டிக் அடிப்பான். எனக்குச் சிரிப்பு முட்டியது. மதலேனா சிரிக்கவில்லை.

பதினெட்டாவது கேள்வி, கத்தியையும் கத்தரியையும் ஆவியில் அவித்துச் சுத்தம் செய்யும் மின்சாரப் பெட்டியைப் பற்றியது. ஓரத்து மேஜையில் பளபளவென்று ஒன்று இருந்தது. ஃபெரெட்டி டிக் அடித்துவிட்டான்.

"போட்டுக் காட்டு," என்றாள் மதலேனா.

திரேசா சிரித்தபடியே போனாள். பெட்டியின் முன்பக்கம் தடவினாள், பக்கவாட்டில் தடவினாள். சுவிட்ச் பின்னால் இருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது, அவள் கைக்குத் தெரியவில்லை.

யாருடையது என்று மதலேனா கேட்டாள். திரேசா பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு உள்ளதைச் சொன்னாள். அடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து காலையில்தான் இரவல் வாங்கி வந்திருக்கிறாள். இவர்களுடைய பெட்டி கெட்டுப்போய் ஏழு மாதம். எழுதிப் போட்டும் ஆப்பியாவிலிருந்து பதில் வரவில்லை.

"விருந்தாளி வர்றப்ப ஓட்டைப் பாயை விரிக்க முடியுமா, அத்தை?" என்றாள்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. எங்கள் வளர்ப்பே அப்படி. ஃபெரெட்டியும் தலையைக் குனிந்துகொண்டு, பெட்டி இருக்கிறதா என்பதுதான் கேள்வி, யாருடையது என்று தாளில் இல்லை, மேலே போகலாம் என்றான். நான் மதலேனாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். வெளி ஆள் முன்னால் அண்ணன் மகளை இப்படியா சந்தி சிரிக்க வைப்பது? அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏழு மாசமா கத்தியை எதுல அவிச்சே?"

"டீக் கெட்டில்ல தண்ணி காய்ச்சி ஊத்திக் கழுவுனேன்."

"உன் மாமாவுக்கு வெட்டுன கத்தியையுமா?"

"மூணு தரமும் அதேதான், அத்தை."

மதலேனாவின் முகம் செத்துப்போயிற்று. அப்படியே ஃபெரெட்டி பக்கம் திரும்பினாள்.

"நீ இருக்குன்னு எழுதிட்டுப் போனா, அங்க எல்லாம் இருக்குன்னு சொல்லி இவளுக்கு ஒரு பெட்டியும் வராது. அதை அடிச்சிட்டு இல்லைன்னு எழுது. கேள்வியையும் மாத்து. இருக்கான்னு கேக்காதே, போட்டுக் காட்டுன்னு கேளு."

அவன் திரேசாவைப் பார்த்தான், மதலேனாவைப் பார்த்தான், அடித்து எழுதினான்.

அன்றைக்கே இயோசுவாவைக் கப்பலேற்றி ஆப்பியாவுக்குக் கொண்டுபோனோம். மூன்று விரல்களை எடுத்தார்கள், கால் தப்பியது. ஒரு வாரம் தாமதித்திருந்தால் கால் போயிருக்கும் என்றார் டாக்டர். மதலேனா இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிய மறுநாள் விடியற்காலை, மதலேனா வீட்டு முன்னால் புல்தரையில் திரேசாவும் அவள் அப்பாவும் தலைமேல் நயமான பாயைப் போர்த்திக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தப்புச் செய்த குடும்பம் எங்கள் ஊரில் அப்படித்தான் மன்னிப்புக் கேட்கும். பாயைத் தூக்கி உள்ளே அழைக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. தூறல் போட்டு நின்றது, வெயில் ஏறியது. மதலேனா தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அழுதாள் என்று நான் சொன்னால் அடிக்க வருவாள், ஆனாலும் அழுதாள். பிறகு இறங்கிப் போய்ப் பாயைத் தூக்கினாள்.

"எந்திரி. மாமாவுக்குக் கட்டு மாத்தணும். முதல்ல கைய சோப்புப் போட்டுக் கழுவு, நான் பாக்கணும்."