லோரி லோகாவைத் திட்டிய வாய்

என் கைப்பேசியில் லோகா என்று பெயர் வந்தால் நான் வணக்கம் சொல்வதில்லை. அன்று காலையும் சொல்லவில்லை. செலண்டாரில் என் தையல் கடையைத் திறந்து, ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. எடுத்தவுடன், "எங்கய்யா போய்த் தொலைஞ்ச? எந்த ஊர்ல சுத்துற? சோறு தின்னியா இல்லியா?" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். வந்தது அவன் மனைவியின் குரல். "அக்கா, நான் கமலா பேசுறேன். காலைல குளிச்சிட்டு வந்து நாக்காலில உக்காந்தாருக்கா. அப்படியே போய்ட்டாரு."

அவர் என்று மரியாதையாக எழுது என்கிறார் என் கணவர் மணியம். இத்தனை வருசம் மேடையில் 'யோவ்' என்று கூப்பிட்ட வாய்க்கு இப்போது திடீரென்று மரியாதை எங்கிருந்து வரும்? செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டிக்கொண்டே சிரிப்பு நாடகங்களிலும் நடித்ததால் அவன் லோரி லோகா. பிறகு 'போனமா வந்தமா' என்ற பயண நிகழ்ச்சியில் ஊர் ஊராகப் போய்த் தொலைக்காட்சியில் வந்தான். அதில் ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் அவனைத் திட்டும் பெண்டாட்டி அஞ்சலையின் குரல் மட்டும் கேட்கும். அந்தக் குரல் என்னுடையது.

நான் நடிக்கப் போனவள் அல்ல. நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. நாடகத் துணிகளைத் தைத்துக் கொடுக்கப் போயிருந்தேன். பெண்டாட்டி வேசம் கட்டும் பையனுக்குக் காய்ச்சல் என்று மேடைக்குப் பின்னால் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். நான் முந்தின நாள் தைத்துக் கொடுத்த கால்சட்டையை, லோரியிலிருந்து குதித்து அதற்குள் கிழித்துக்கொண்டு வந்து நின்றான் லோகா. எனக்கு வந்ததே கோபம்! கத்தினேன். அவன் பின்வாங்கப் பின்வாங்க நானும் கத்திக்கொண்டே போனேன். விளக்கு கண்ணில் அடித்த பிறகுதான் நடுமேடையில் நிற்கிறேன் என்று தெரிந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓடப் பார்த்தேன். அவன் மெதுவாக, "அக்கா, இன்னும் ஒரு தடவ திட்டுங்க, போதும்," என்றான். அதோடு ஆரம்பித்ததுதான் எங்கள் ஜோடி.

ஊர் வாய் சும்மா இருக்காதே. மறுநாளே ஜாசினில் அவன் வீட்டுக்குப் போய்க் கமலாவைப் பார்த்தேன். "உனக்கு இதுல வருத்தம் இருந்தா சொல்லிடும்மா, இன்னையோட நிறுத்திடுறேன்," என்றேன். அவள் தொழிற்சாலை வேலைக்குப் போகும் அவசரத்தில் தலை வாரிக்கொண்டிருந்தாள். "அவர உக்கார வச்சித் திட்ட எனக்கு எங்கக்கா நேரம்? நீங்களே திட்டிருங்க," என்றாள். அன்றிலிருந்து அவள் எனக்குத் தங்கச்சி.

தொலைக்காட்சிக்காரர்கள் அவனை மட்டும்தான் கூப்பிட்டார்கள். கேமரன் மலையில் முதல் படப்பிடிப்பு. தேயிலைக்கு நடுவில் நின்று, "எழில் கொஞ்சும் இம்மலையிலே, நேயர்களே..." என்று யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தானாம். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நிற்கிறான் என்று கேமராக்காரர் தலையில் அடித்துக்கொண்டாராம். பயந்துபோய் எனக்குப் போன் போட்டான். "அக்கா, எனக்குச் சிரிப்பும் வரல, பேச்சும் வரல. வேலை போய்டும் போலருக்கு." நான் தையல் மிசினை நிறுத்தாமலே அஞ்சலையாகி, "யோவ், மலைக்குப் போனியே, கம்பளிச் சட்டை எடுத்துட்டுப் போனியா?" என்று பிடித்துக்கொண்டேன். "மொதல்ல அந்த மிசின நிறுத்துடி, காது வலிக்குது! இங்க தேயிலச் செடி என் இடுப்பு உயரம்தான் இருக்கு. நாம பால் வெட்டுற கித்தா மரம் பாத்தா சிரிக்கும்," என்றான் அவன். கேமராக்காரர் புத்திசாலி, எல்லாவற்றையும் பிடித்துவிட்டார். அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் போன் இல்லாமல் நிகழ்ச்சி இல்லை. கடைசியில் நான், "எப்ப வர்ற?" என்பேன். "வந்துக்கிட்டே இருக்கேன் தாயி," என்பான். நான் செலண்டாரை விட்டு நகராமல் எத்தனையோ ஊர் பார்த்தேன்.

ஒருமுறை வெளிநாடு வேண்டாம் என்று அடம்பிடித்து நியாலாஸுக்கே போனான். "இங்க என்னா லா இருக்கு காட்டுறதுக்கு?" என்று ஊர்க்காரர்களே சிரித்தார்கள். "மலை எங்கயும் ஓடாது, மொதல்ல மனுசனப் பாரு," என்பது அவன் வாய்ப்பாடு. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, ஒருநாள் லீவு கிடைத்தால் எங்கே போவீர்கள் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டான். லெச்சுமியம்மா என்று ஒரு வயதானவர், "சிரம்பான்ல எம்மவ வீட்டுக்குப் போவேன் தம்பி. அவ பிள்ள பெத்து இன்னும் நான் பாக்கல," என்றார். "ஏறுங்கம்மா," என்று படப்பிடிப்பு வேனிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த வாரம் நிகழ்ச்சி முழுக்க அந்த அம்மா பேரப்பிள்ளைக்கு என்ன வாங்குவது என்று வழியெல்லாம் கடை கடையாக இறங்கியதுதான். பார்த்தவர்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எங்கே போனாலும் ஒரே மாதிரி இரண்டு சாமான் வாங்கி வருவான். மேடானிலிருந்து இரண்டு சால்வை, தாய்லாந்திலிருந்து இரண்டு குடை. "ரெண்டு பொண்டாட்டிக்காரன் பொழப்பு நாய்ப் பொழப்புக்கா," என்று கமலாவுக்குக் கேட்கும்படி பெருமூச்சு விடுவான். மணியத்துக்கு மட்டும் எந்த ஊரிலிருந்தும் தொப்பிதான் வரும், அதுவும் காதை மூடும் தொப்பி.

துக்க வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. நான் யார்? கூடப்பிறந்தவளும் இல்லை, கட்டியவளும் இல்லை. ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அழ எனக்கு என்ன பாத்தியதை? வாசலில் ஓரமாக நின்றுகொண்டேன். நியாலாஸிலிருந்து லெச்சுமியம்மா வந்தார். உள்ளே போகாமல் நேராக என்னைக் கட்டிப்பிடித்து, "அடி அஞ்சல, இந்த வயசுல ஒன்னத் தனியா விட்டுட்டுப் போய்ட்டானே!" என்று மாரடித்து அழுதார். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். பக்கத்தில் தொப்பியோடு நின்ற மணியம், "நான் இருக்கேங்கம்மா," என்றார் பாவமாக. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது. அதற்குள் கமலாவே எழுந்து வந்தாள். "அவங்க சரியான ஆளத்தான் பிடிச்சிருக்காங்க, வாங்கக்கா," என்று என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், அவன் தலைமாட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் கடையில் கைப்பேசி அடித்தது. லோகா என்று பெயர். கமலாதான் என்று தெரியும். "சொல்லும்மா," என்றேன் மெதுவாக.

"இப்படிப் பேசாதீங்கக்கா. அவரு எப்பவும் சத்தமா வச்சித்தான் உங்ககிட்ட பேசுவாரு, எனக்குச் சமையக்கட்டு வரைக்கும் கேக்கும். இப்ப வீடு ஒரேயடியா அமைதியா இருக்கு. ஒரு தடவ திட்டுங்க, போதும்."

மூச்சை இழுத்துக்கொண்டேன். "எங்கடி போய்த் தொலைஞ்ச? மணி என்னா ஆச்சு? சோறு தின்னியா இல்லியா?" என்று கத்தினேன். துணி வாங்க வந்திருந்த பெண் பயந்து எழுந்துவிட்டாள்.

அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். கேமரா என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கமலா சொன்னாள்: "மொதல்ல அந்த மிசின நிறுத்துடி."

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சால்வை, ஒரு குடை, இந்தத் திட்டு. சால்வையும் குடையும் பெட்டியில் இருக்கின்றன. திட்டு தினமும் காலையில் ஜாசினுக்குப் போகிறது. "எப்ப வர்ற?" என்று முடிக்கிறேன். "வந்துக்கிட்டே இருக்கேன் தாயி," என்கிறாள் கமலா.