சனிக்கிழமை மாத்திரை

சனிக்கிழமை என்று சொன்னது நான்தான். இந்த மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட்டால் போதும், எந்த நாள் வசதி என்று ஈப்போ ஆஸ்பத்திரியின் மூட்டு கிளினிக்கில் டாக்டர் என் மனைவியைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சனி என்றேன். சனிக்கிழமை காலையில் நான் எங்கும் போவதில்லை. மறக்க வழியில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார்.

என் மனைவிக்கு அறுபத்து நான்கு வயது. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பத்தொன்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவள். அதே தோட்டத்து ஆபீசில் நான் கணக்கு எழுதும் கிராணி. தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு பாதி வீடமைப்பாகவும் மாறியபின், நாங்கள் டவுனை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் அவளால் கேட் சாவியைத் திருப்ப முடியவில்லை. வெட்டுக்கத்தி பிடித்த கை, வயதானால் இப்படித்தான் என்று இருவருமே நினைத்தோம். ஆனால் கத்தி பிடிக்காத இடது கையும் அதே அளவு வீங்கியிருந்தது. கையைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஜாமு என்கிற மலாய் நாட்டுமருந்து உருண்டை வாங்கித் தந்தார். கோப்பெங்கில் எண்ணெய் போட்டு நீவுகிற ஒருவரிடம் மூன்று முறை போனோம்.

முடக்குவாதம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. உடம்பின் காவல்காரனே தன் வீட்டு மூட்டுகளை அடிக்கிறான் என்று அவர் மலாயில் விளக்கினார். இளம் வயது மலாய்ப் பெண், பொறுமைசாலி. வலி மாத்திரை வலியை மட்டும்தான் மறைக்கும். நோயை அடக்க மெத்தோட்ரெக்சேட்டில் தொடங்குவோம். அது போதவில்லை என்றால் கூட வேறு மாத்திரைகள் சேர்ப்போம். அதற்கும் அடங்காவிட்டால் ஊசி இருக்கிறது என்றார். ஜாமுவை அன்றோடு நிறுத்தச் சொன்னார். சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்துவிடுகிறார்களாம். மெத்தோட்ரெக்சேட்டின் காகிதத்தை வீட்டில் விரித்து, அதில் போட்டிருந்த பக்கவிளைவுகளை எண்ணினேன். முப்பத்தொன்றில் நிறுத்திவிட்டேன். அவளிடம் ஒன்றையும் சொல்லவில்லை. பயப்படுவாளே என்றுதான்.

அதனால் மாத்திரை முழுவதும் என் பொறுப்பாயிற்று. சனிக்கிழமை மெத்தோட்ரெக்சேட் ஆறு. மற்ற ஆறு நாளும் ஃபோலிக் ஆசிட் ஒன்று. இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள். நான் அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு சின்னத் தட்டில் வைப்பேன், அவள் சாப்பிடுவாள், தட்டு காலியானதும் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பேன். அவள் விழித்த நேரத்திலிருந்து விரல்கள் மடங்கும் நேரம் வரை எத்தனை நிமிடம் என்பதையும் எழுதினேன். தொடக்கத்தில் எழுபது நிமிடம். ஆறு மாதத்தில் பதினைந்து. டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லா நோயாளிக்கும் இப்படி ஒருவர் இருந்தால் தேவலை என்றார். அந்தப் பேச்சை நான் ஒரு வாரம் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி பிறந்தது. அவள் சனிக்கிழமைகளில் பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடமாட்டாள். சாயந்திரம் பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் இலை போடுவாள். வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது என்பதால், தட்டைக் காலையில் வைக்காமல் சாயந்திரம் மேசைமேல் வைத்தேன். சாப்பிட்டு முடிந்து நான் கை கழுவி வரும்போது தட்டு காலியாக இருக்கும். ஆறு என்று எழுதுவேன்.

இரண்டாவது வாரத்தில் பதினைந்து நிமிடம் இருபத்தைந்தானது. மூன்றாவது வாரம் நாற்பது. நான்காவது சனிக்கிழமை கழிந்த மறுநாள் எண்பது நிமிடம் ஆனது. மணிக்கட்டு சூடாக இருந்தது. ஒரு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்தாள். மழைக்காலம், அதனால்தான் என்றாள்.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கக் கிளினிக் தவணை. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. இரண்டு கையையும் ஒவ்வொரு முட்டியாக அழுத்திப் பார்த்தார். பதினான்கு முட்டிகள் வீங்கியிருந்தன. நானும் கூடவே எண்ணினேன். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா என்று அவளிடம் கேட்டார். ஒன்றுகூடத் தவறவில்லை என்று நான் நோட்டை நீட்டினேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் இந்த மருந்து கைவிட்டுவிட்டது என்றார் டாக்டர். நோய் போகிற வேகத்துக்கு நேராக ஊசிக்கே விண்ணப்பிக்கலாம் என்றார். ஆனால் அந்த ஊசி உடம்பின் எதிர்ப்புச் சக்தியை இறக்கிவிடும். முன்பு காசநோய் வந்ததுண்டா என்று கேட்டார். வந்ததுண்டு. இருபத்து மூன்று வயதில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டாள். நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும், உள்ளே அடங்கிக் கிடப்பது எழும்பாமலிருக்க முதலில் சில மாதம் வேறு மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். ஊசி விண்ணப்பப் பாரத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். திரும்பும் வழியில் சிவப்பு விளக்கு ஒன்றில் பச்சை விழுந்தும் நகராமல் நின்றேன். பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் சாமி மேடைப் பக்கம் ஏதோ தகரம் விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் நாமக்கட்டி டப்பா திறந்து கிடந்தது. அவள் விரலில் நிற்காமல் நழுவியிருக்கிறது. தரையெல்லாம் மஞ்சள் மாத்திரைகள்.

நான் குனிந்து பொறுக்கினேன். இருபத்து மூன்று இருந்தன. கணக்கு எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் அடுப்பு மேடைக்குக் கீழே கையை விட்டு இருபத்து நான்காவதையும் எடுத்த பிறகுதான் நிமிர்ந்தேன். நான்கு சனிக்கிழமை. ஆறு, ஆறாக.

“என்ன இது?” என்றேன்.

“வேண்டுதல்ங்க. புரட்டாசி சனி அஞ்சும் மருந்து வாயில வைக்கமாட்டேன், பெருமாளே பாத்துக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்.”

“அஞ்சு வாரம் மருந்தில்லாமலா?”

“எங்க அஞ்சு வாரம்? வாரத்துல ஒரு நாள்தானே விட்டேன். மத்த ஆறு நாளும் ஒழுங்கா போட்டேன்லா.”

“அந்த ஆறு நாள் போடுறது வெறும் சத்து மாத்திரை. மருந்தே இந்தச் சனிக்கிழமை மாத்திரைதான்.”

அவள் என்னையும் என் கையிலிருந்த மாத்திரைகளையும் பார்த்தாள். “அத யாரு எங்கிட்ட சொன்னா? எல்லாம் மஞ்சளாத்தான இருக்கு. நீங்க இங்கிலீசுல எழுதி வச்சிக்கிறீங்க. டாக்டரு கேட்டாலும் நீங்கதான் பதில் சொல்றீங்க.”

கோபப்பட ஒன்றுமில்லை. ஒன்றரை வருடமாக நான் தட்டு காலியானதைத்தான் எழுதிவந்திருக்கிறேன். தோட்டத்தில் வேலையாட்களின் வருகைக்குச் செக்ரோல் எழுதும்போது ஆளை நேரில் பார்க்காமல் பேருக்கு நேரே கோடு போட்டதில்லை என்று பெருமை பேசுகிறவன் நான்.

அந்த ஊசிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மாத்திரை கைவிடவில்லை, கைவிட்டதாக நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். அதை நம்பி, பழைய காசநோயைக் கிளப்பக்கூடிய ஒரு மருந்துக்கு இவள் பெயரை எழுதிவிட்டார்கள். கிளினிக்குக்குப் போன் செய்தேன். ஒன்பது முறை மணி அடித்து அடித்து நின்றது.

புதன்கிழமை காலை நேரே போவோம் என்றேன். அவள் வர மறுத்தாள். டாக்டர் ஏசுவார், அவ்வளவு நல்ல பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது என்றாள். நான் மட்டும் போய், மாத்திரை எண்ணிக்கையில் ஏதோ பிழை என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் இன்னொரு சனிக்கிழமை பாக்கியிருந்தது. அதையும் விட்டுவிடத்தான் போகிறேன், பாதியில் நிறுத்தினால் நான்கு வாரம் பட்டதும் வீண் என்று அவள் உறுதியாக நின்றாள். கடைசியில், நான் வாயைத் திறப்பதில்லை என்ற வாக்கின்பேரில் காரில் ஏறினாள்.

தவணை இல்லாமல் வந்ததற்குக் கவுண்டரில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி முகம் சுளித்தார். காத்திருங்கள் என்றார். இரண்டு மணி பத்து நிமிடம் காத்திருந்தோம். எதிரே ஒரு சீனக் கிழவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவள் அதைப் பார்க்காமலிருக்க நான் இடம் மாறி உட்கார்ந்தேன். ஆனால் அவள் முன்பே பார்த்துவிட்டாள்.

உள்ளே அவளே பேசினாள். தோட்டத்து மலாயில், திக்கித் திக்கி, டப்பாவை மேசைமேல் வைத்துச் சொன்னாள். என் பெயரை எங்கும் இழுக்கவில்லை. மாத்திரைகளில் நாமக்கட்டிப் பொடி ஒட்டியிருந்தது.

டாக்டர் ஏசவில்லை. நோன்பு மாதம் வந்தால் தன் நோயாளிகளில் பாதிப்பேர் இதே மாதிரி ஏதாவது செய்துவிட்டுத் தன்னிடம் சொல்வதில்லை என்றார். நோன்புக்கு முன்னாலேயே கேட்டால் நேரத்தை மாற்றிக் கொடுத்துவிடுவாராம். இதுவும் அப்படித்தான், இந்த மாத்திரைக்குச் சனிக்கிழமைதான் என்று சட்டமில்லை, வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நான்கு வாரத்துக்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

எந்த நாள் வேண்டும் என்று டாக்டர் கேட்டார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“புதன்,” என்றாள் அவள். “இன்னைக்கே போட்டுக்கிறேன். சனிக்கிழமை சாமிக்கு.”

ஊசி விண்ணப்பத்தை டாக்டர் கிழிக்கவில்லை. ஓரமாக எடுத்து வைத்தார். மாத்திரை மறுபடி பிடிக்க எட்டு வாரமாவது வேண்டும், அதுவரை வீக்கத்துக்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு குறைந்த அளவில் தருகிறேன், இரத்தத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். இந்த நான்கு வாரத்தில் மூட்டுக்குள் ஏதாவது கெட்டுப்போயிருக்குமா என்று கேட்டேன். வாக்கு தவறியது அந்த ஒரு முறைதான். இப்போது சொல்ல முடியாது, அரிக்கப்பட்ட எலும்பு திரும்ப வளராது, ஆனால் உடனே வந்தது நல்லது என்றார். முதல் பாதியைத்தான் நான் வீடு வரை கொண்டுவந்தேன்.

இப்போது ஐந்து புதன்கிழமைகள் ஆகிவிட்டன. அட்டையிலிருந்து பிதுக்க மட்டும் நான் வேண்டும், எண்ணுவது அவள்தான். நான் பக்கத்தில் நின்றால் வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டுகிறாள், “பாத்துக்குங்க கிராணி ஐயா” என்று. காலையில் விரல்கள் மடங்க ஐம்பது நிமிடம் ஆகிறது. போன வாரம் நாற்பத்தைந்தாக இருந்தது. ஏன் ஏறியது என்று தெரியவில்லை. வலது கை நடுவிரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை.

அடுத்த தவணைக்குக் கேட்க வேண்டிய கேள்விகளை நேற்று எழுதினேன், தமிழில், பெரிய எழுத்தில். பழைய நெஞ்சுப் படத்தைக் கொண்டுவர வேண்டுமா, கல்லீரல் எப்படி இருக்கிறது, இன்னொரு மாத்திரை சேர்த்துப் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாமா என்று ஏழு கேள்விகள். அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் காய்கறிக் கத்தியை இரண்டு கையாலும் பிடித்துப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்த ஊசிய வீட்டுலயே நாமளே போட்டுக்கணும்னு கிளினிக்குல ஒரு அக்கா சொன்னாங்க,” என்றாள். “உங்க கை நடுங்குது. என் விரல் மடங்கல. யாரு போடுறது? அத மொதல்ல எழுதுங்க.”

நான் எழுதிய ஏழில் அது இல்லை. தாளைத் திருப்பி, எல்லாவற்றுக்கும் மேலே அதை எழுதினேன். எழுதும்போது என் கையைக் கவனித்தேன். அவள் சொன்னது சரிதான்.